பழைய அளவைக் கருவிகளைப் பழுது பார்த்தல்

ஆரணியில் விடியற்காலையில் நெசவாளர் தெருக்களின் வழியே நடந்தவர்கள், தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டப்பட்ட பட்டுப் பாவுகளைக் கண்டிருப்பார்கள். வெயில் ஏறுவதற்குள் அந்த வேலை முடிந்து, பாவு வீட்டினுள் தறிக்குப் போய்விடும். அங்கே தீர்ந்துபோன பழைய பாவின் முனைகளோடு புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாக விரல்களால் முறுக்கிப் பிணைக்க வேண்டும். பாவில் ஆயிரக்கணக்கான இழைகள் உண்டு. அவற்றுள் ஒன்று தவறான இழையோடு சேர்ந்துவிட்டாலும், அந்தத் தவறு சேலையின் முழு நீளத்துக்கும் ஒரு கோடாக ஓடிக் காட்டிக்கொடுத்துவிடும்.

அத்தகைய வீடொன்றில்தான் நான் பிறந்தேன். ஆயினும் நான் தறியில் அமரவில்லை. தறி இருந்த அறைக்கு அடுத்த அறையில் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு, பழைய மின்சார அளவைக் கருவிகளைப் பழுது பார்க்கும் தொழிலில் இறங்கினேன். மல்டிமீட்டர், வால்வு வோல்ட்மீட்டர், சிக்னல் ஜெனரேட்டர், ஆசிலாஸ்கோப் என்று பள்ளி, கல்லூரி ஆய்வுக்கூடங்கள் கழித்துவிட்ட கருவிகள் பலவும் என் மேசைக்கு வந்து சேருகின்றன. புதிய கருவிகள் மலிவாகக் கிடைக்கும்போது இவற்றோடு ஏன் போராட வேண்டும் என்று மாணவர்கள் என்னைக் கேட்பதுண்டு. இன்றைய கருவியைத் திறந்தால் நகத்தளவுள்ள ஒரு கறுப்புச் சில்லைப் பார்க்கலாம்; அதனுள் நடப்பது கண்ணுக்குத் தெரியாது. பழைய கருவியைத் திறந்தாலோ, புத்தகத்தில் படித்த ஒவ்வொன்றும் தனித்தனியே எதிரே நிற்கும். இது மின்தடை, இது மின்தேக்கி, இது கம்பிச்சுருள் என்று விரல் வைத்துக் காட்டலாம். எப்போது விரல் வைக்கலாம், எப்போது வைக்கக் கூடாது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இந்தக் கருவிகளுள் புகழ் பெற்ற ஒன்றைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். இங்கிலாந்தின் அஞ்சல் துறையில் பொறியாளராக இருந்த டொனால்டு மெக்கேடி என்பவர், ஆம்பியருக்கு ஒரு கருவி, வோல்ட்டுக்கு ஒரு கருவி, ஓமுக்கு ஒரு கருவி என்று சுமந்து திரிந்து சலித்து, மூன்றையும் ஒரே பெட்டியில் அடக்கினார். 1923-இல் அது விற்பனைக்கு வந்தது. அம்மூன்று அளவுகளின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ‘ஏவோ’ மீட்டர் என்று அதற்குப் பெயரிட்டனர். 1951-இல் வெளிவந்த அதன் எட்டாம் மாதிரி, சில திருத்தங்களோடு 2008 வரையில் தயாராகிக்கொண்டிருந்தது. ஓர் அளவைக் கருவிக்கு இத்தனை நீண்ட ஆயுள் அரிது. அதைச் செய்த நிறுவனத்தின் மற்றொரு சரக்கு என்ன தெரியுமா? கம்பிச்சுருள் சுற்றும் இயந்திரம். நிறுவனத்தின் பெயரே அந்த இயந்திரத்தின் பெயரால்தான் அமைந்திருந்தது. மீட்டரின் உயிரும் ஒரு சுருள்தானே! காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே, மயிரிழை போன்ற செம்புக் கம்பியால் சுற்றிய சுருளொன்று ஊசலாட நிற்கிறது. ஓர் ஆம்பியரை இருபதாயிரம் பங்காக்கி, அதில் ஒரு பங்கு மின்னோட்டத்தை அதனுள் செலுத்தினால் போதும். முள் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போய்விடும்.

பட்டுக்கும் இத்தகைய சுருள்களுக்கும் நெடுநாள் உறவு உண்டு. அமெரிக்காவில் ஜோசப் ஹென்றி 1830-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வலிமை மிக்க மின்காந்தங்களைச் செய்தபோது, கம்பியின் மேல் பட்டு நூலைச் சுற்றினார். பட்டு மின்சாரத்தைக் கடத்தாது. மிக மெல்லியதாகவும் இருக்கும். ஆகவே சுற்றின் மேல் சுற்றாகப் பல அடுக்குகள் போட முடிந்தது. பழைய வானொலிகளின் சுருள்களில் மெல்லிய செம்பு இழைகள் பலவற்றை ஒன்றாக முறுக்கி, அதன்மேல் பட்டு சுற்றிய கம்பியை இன்றும் காணலாம். அந்தப் பட்டு எந்த ஊரில் நூற்றதோ! ஆரணியிலிருந்து போயிருக்கும் என்று நான் உரிமை கொண்டாடவில்லை. ஆனால், அந்தச் சுருளில் அறுந்த இழைகளைத் தேடிச் சேர்க்கும்போது, அடுத்த அறையில் பாவு பிணைக்கிறவருக்கும் எனக்கும் தொழில் வேறுபாடு மிகுதியில்லை என்று எண்ணிக்கொள்வேன். அவ்வகைக் கம்பியில் ஓரிழை பற்றாமல் விடுபட்டாலும் சுருளின் தரம் குறைந்துவிடும்.

இனி, விரல் வைப்பதைப் பற்றிச் சொல்லுகிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பழைய ஆசிலாஸ்கோப்பைத் திறந்தேன். மின்சார இணைப்பைப் பிடுங்கிவிட்டோம், இனி என்ன அபாயம் என்பது என் நினைப்பு. உள்ளே கையை விட்டதுதான் தெரியும். மறுகணம் என் முழங்கை பின்னாலிருந்த சுவரில் மோதிக் குருதி கசிந்தது. இணைப்பைப் பிடுங்கி அரைமணி நேரம் ஆகியும் உள்ளேயிருந்த மின்தேக்கி தன் மின்சாரத்தை விடாமல் வைத்திருந்தது. அதை மெல்ல வடித்துவிடுவதற்கென்று அமைந்த மின்தடை அறுந்துபோயிருந்ததே காரணம். அன்று என் மற்றொரு கை கருவியின் உலோகச் சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால், மின்சாரம் ஒரு கையிலிருந்து மறு கைக்கு மார்பின் வழியே பாய்ந்திருக்கும். இன்று உங்களோடு நான் பேசிக்கொண்டிருப்பேனா என்பது ஐயமே.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். வால்வுக் கருவிகளில் 40 மைக்ரோஃபாரட் மின்தேக்கி 350 வோல்ட் மின்னழுத்தத்தில் இருப்பது சாதாரணம். மின்னழுத்தத்தை அதனாலேயே பெருக்கி, மின்தேக்கியின் அளவாலும் பெருக்கி, இரண்டால் வகுத்தால், அதில் தேங்கிய ஆற்றல் ஏறக்குறைய இரண்டரை ஜூல் என்று வரும். ஒரு கிலோ எடையைக் கால் மீட்டர் உயரத்திலிருந்து போடுவதற்கு அது சமம். காலில் விழுந்தால் வலிக்கும், அவ்வளவுதான். ஆனால் இதயத்தின் வழியே நொடியில் சிறு பங்கிற்குள் பாய்வதென்றால் அது வேறு செய்தி.

இதைப் பத்திரமாக வடிப்பது எப்படி? திருப்புளியை இரு முனைகளுக்கும் நடுவே வைத்துப் பொறி பறக்கச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அது வீரமன்று, மின்தேக்கிக்கும் கேடு, கண்ணுக்கும் கேடு. 10,000 ஓம் மின்தடை ஒன்றை, பத்து வாட் தாங்கக்கூடியதாகப் பார்த்து எடுத்து, நன்றாக உறையிட்ட கம்பிகளில் கோத்து, அதன் வழியே வடிக்க வேண்டும். மேற்சொன்ன மின்தேக்கி இரண்டே நொடிகளில் நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். பின்னர் மீட்டரை வைத்து அளந்து பார்க்க வேண்டும். அளந்தபின்னும் அந்தக் கம்பியைக் கழற்றாமல் விட்டுவைப்பது நல்லது. ஏனெனில், வடித்த மின்தேக்கியிலும் சிறிது நேரத்தில் கொஞ்சம் மின்னழுத்தம் தானாகவே மீண்டும் தலைதூக்குவதுண்டு. ஒரு கையால் வேலை செய்து, மற்றொரு கையைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வது பழைய தொழிலாளிகளின் பழக்கம். கேலியாகத் தோன்றும், நான் இன்றும் அப்படித்தான் செய்கிறேன். ஆசிலாஸ்கோப்பின் படக்குழாயை ஊட்டும் பகுதியில் ஆயிரம் வோல்ட்டுக்கு மேல், சில கருவிகளில் பல்லாயிரம் வோல்ட்டும் உண்டு. அப்பகுதியை, கற்றுத் தேர்ந்தவர் ஒருவர் அருகில் இல்லாமல் மாணவர்கள் திறக்கவே கூடாது. படக்குழாயும் காற்று நீக்கிய கண்ணாடி. விழுந்தால் உள்நோக்கி வெடித்துச் சிதறும்.

பல ஆண்டுகள் உறங்கிய கருவியை நேரே 230 வோல்ட்டில் மாட்டுவது மற்றொரு தவறு. அலுமினிய மின்தேக்கிகளில் காப்பாக அமைவது, அலுமினியத் தகட்டின் மேல் படிந்த மிக மெல்லிய ஆக்சைடுப் படலம். மின்சாரமின்றிக் கிடந்தால் அது நைந்துவிடும். ஒரேயடியாக முழு மின்னழுத்தத்தைக் கொடுத்தால் மின்னோட்டம் கசிந்து, சூடேறி, மின்தேக்கி வெடிக்கவும் கூடும். சிறுகச் சிறுக மின்னழுத்தத்தை ஏற்றினால் படலம் மீண்டும் உருவாகும், உருவாகாவிட்டால் மாற்றவேண்டியதுதான். முதன்முறை மின்சாரம் கொடுக்கும்போது, ரேடியோக் கடைக்காரர்கள் சீரீஸ் போர்டு என்று சொல்லும் எளிய சாதனத்தைப் பயன்படுத்துங்கள். கருவிக்கு வரும் மின்சாரம் ஒரு 60 வாட் இழை விளக்கின் வழியே வரும்படி அமைப்பதே அது. கருவியில் குறுக்குப் பாய்ச்சல் இருந்தால் விளக்கு முழு ஒளியோடு எரிந்து, மின்னோட்டத்தைத் தன்மேல் தாங்கிக்கொள்ளும். இல்லையேல் ஒரு கணம் பளிச்சிட்டு மங்கிவிடும். இழை சூடேறச் சூடேற அதன் மின்தடை பலமடங்கு உயருவதால்தான் இந்தக் காவல் வேலையை அது செய்ய முடிகிறது. எல்.ஈ.டி. விளக்கு இதற்கு உதவாது. பழைய இழை விளக்குகள் அருகி வருகின்றன. கிடைத்தால் இரண்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அது மட்டுமன்று, இந்த விளக்கு கருவியைக் காக்குமேயன்றி உங்களைக் காக்காது. கருவியின் உலோகப் பெட்டிக்கு நிலத்தொடர்பு, அதாவது எர்த், இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட வேண்டும்.

இவ்வளவும் செய்து கருவியைத் திறந்தபின், எந்தப் பாகம் கெட்டது என்று காண வேண்டும். இங்கேதான் நான் என் வாழ்வில் மறக்க முடியாத பாடம் கற்றேன். ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு முன், ஒரு கல்லூரி கழித்துவிட்ட டிரான்சிஸ்டர் சிக்னல் ஜெனரேட்டர் என்னிடம் வந்தது. பழுப்பு நிறப் பலகையில் செம்புக் கோடுகள் ஓடும் பழைய மாதிரி. அதன் கையேட்டில், குறிப்பிட்ட ஓரிடத்தில் 6.7 வோல்ட் இருக்கவேண்டும் என்று அச்சிட்டிருந்தது. அப்போதுதான் ஆசையோடு வாங்கிய டிஜிட்டல் மீட்டரை அங்கே வைத்தேன். 9.9 என்று காட்டியது. அந்த இடத்திலிருந்த மின்தடை கெட்டுவிட்டது என்று உடனே தீர்ப்பளித்துவிட்டேன். சூட்டுக்கோலை எடுத்து, அவசர அவசரமாக அதைக் கழற்றினேன். மின்தடை வந்தது, அதன் காலோடு, பலகையில் ஒட்டியிருந்த செம்பு வட்டமும் உரிந்து வந்தது. கழற்றிய மின்தடையை அளந்தேன். அதில் குறையே இல்லை!

எங்கள் ஊரில் அப்போது வானொலிப் பெட்டிகளைப் பழுது பார்த்துவந்த பெரியவர் ஒருவரிடம், உரிந்த பலகையோடு போய் நின்றேன். அவர் பலகையைப் பார்க்கவில்லை. “தம்பி, கையேட்டின் முதல் பக்கத்தைப் படித்தாயா?” என்றார்.

“படம் இருக்கும் பக்கத்தைத்தான் பார்த்தேன், ஐயா.”

“அந்தக் காலத்துக் கணக்கு எந்த மீட்டரால் போட்ட கணக்கு என்று அங்கே எழுதியிருப்பான். படி.”

படித்தேன். வோல்ட் ஒன்றுக்கு 20,000 ஓம் உள்ள மீட்டரை, பத்து வோல்ட் வரிசையில் வைத்து எடுத்த அளவுகள் என்று சிறிய எழுத்தில் இருந்தது.

இதன் பொருளைச் சற்று விளக்குகிறேன். 20 வோல்ட் மின்சாரத்தின் குறுக்கே 200,000 ஓம் மின்தடைகள் இரண்டைத் தொடராக இணைத்தால், நடுவே 10 வோல்ட் இருக்கும். அங்கே பழைய முள் மீட்டரை, பத்து வோல்ட் வரிசையில் வைக்கிறோம். அந்த மீட்டரும் 200,000 ஓம் உள்ள ஒரு மின்தடையே. கீழ் மின்தடையோடு பக்கத்தில் சேர்ந்ததும் இரண்டும் கூடி 100,000 ஓம் ஆகிவிடும். இப்போது நடுப்புள்ளியின் பங்கு 20 வோல்ட்டில் மூன்றில் ஒன்று, அதாவது 6.7 வோல்ட். டிஜிட்டல் மீட்டரோ 10,000,000 ஓம் கொண்டது. அது சுற்றிலிருந்து எடுத்துக்கொள்வது மிகச் சொற்பம். ஆகவே 9.9 என்று காட்டுகிறது. கையேடு பொய் சொல்லவில்லை. என் மீட்டரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் மொழியை மற்றொருவர் மொழியாக எண்ணிக்கொண்ட நான்தான் நல்ல பாகத்தைப் பிடுங்கி, நல்ல பலகையைக் கெடுத்தேன். பழைய கருவியை அளப்பதற்குப் பழைய முள் மீட்டர் ஒன்றையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்வது பழமையின் மேலுள்ள பாசத்தால் அன்று.

உண்மையாகவே கெட்டுப்போகும் பாகங்கள் எவை என்றும் அனுபவத்தில் தெரிந்துகொள்ளலாம். மெழுகிட்ட காகித மின்தேக்கிகள் ஈரத்தை உறிஞ்சிக் கசியத் தொடங்கும். அவற்றை நம்பவே கூடாது. பழைய கரி மின்தடைகள் வயதாக ஆகக் குறித்த அளவுக்கு மேலே ஏறிவிடும். செலீனியம் தகடுகளாலான ரெக்டிஃபையர் எரிந்தால் அழுகிய நாற்றம் வரும். அந்தப் புகை நஞ்சு, உடனே நிறுத்திவிட்டு வெளியே வந்துவிடுங்கள். யுத்த காலத்து மீட்டர்களில் இருளில் ஒளிரும் எண்கள் இருந்தால் அவை ரேடியம் பூச்சாக இருக்கக்கூடும். அம்முகத்தைச் சுரண்டவோ திறக்கவோ வேண்டா.

கெட்ட பாகம் இதுதான் என்று உறுதியானபின் அதைக் கழற்ற வேண்டும். பற்றவைப்பதைவிடக் கழற்றுவது கடினம். சேர்க்கும்போது நம் வேலை ஓரிடத்தில் முடிந்துவிடுகிறது. பிரிக்கும்போதோ, அந்த இணைப்பின் பற்றாசு முழுவதும் ஒரே நேரத்தில் உருகி, ஒரே நேரத்தில் விலக வேண்டும். தொழிலில் ஈயம் என்று சொல்லும் அந்தப் பற்றாசு, உண்மையில் வெள்ளீயமும் காரீயமும் சேர்ந்த கலவை. வெள்ளீயம் 232 டிகிரியிலும் காரீயம் 327 டிகிரியிலும் உருகும். நூற்றுக்கு 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமுமாகக் கலந்தால், இரண்டுக்கும் கீழாக 183 டிகிரியிலேயே உருகிவிடுகிறது.

பழைய இணைப்பில் முதலில் செய்யவேண்டியது, கேட்பதற்கு விபரீதமாக இருக்கும்: அதன்மேல் புதிய பற்றாசு சிறிது சேர்க்க வேண்டும்! பல ஆண்டுகள் காற்றுப்பட்ட பற்றாசின் மேல் ஆக்சைடு படிந்திருக்கும். சூட்டுக்கோலின் முனை அதைத் தொட்டாலும் வெப்பம் உள்ளே ஏறாது. புதிய பற்றாசின் நடுவேயுள்ள பிசின் அந்தப் படிவைக் கரைக்கும். உருகிய உலோகம் இடைவெளியை நிரப்பி வெப்பத்தைக் கொண்டு செல்லும். இரண்டு மூன்று நொடிகளில் இணைப்பு பளபளவென்று உருகி நிற்கும். அதற்குள் உருகாவிட்டால் கோலை எடுத்துவிட்டு, ஆறவிட்டு, மறுபடி முயல வேண்டும். நான் அன்று செய்தது போல் பத்து நொடி அழுத்திக்கொண்டே இருந்தால், செம்பைப் பலகையோடு ஒட்டியிருக்கும் பசை இளகிவிடும்.

உருகிய பற்றாசை எடுக்க, செம்புக் கம்பிகளால் பின்னிய நாடா ஒன்று கிடைக்கிறது. அகல்விளக்கின் திரி எண்ணெயை இழுப்பது போலவே அது பற்றாசை இழுத்துக்கொள்ளும். நாடாவை இணைப்பின்மேல் வைத்து, அதன்மேல் கோலை வைக்க வேண்டும். எடுக்கும்போது இரண்டையும் சேர்த்தே எடுக்க வேண்டும். நாடாவை முன்பே ஆறவிட்டால் அது செம்போடு ஒட்டிக்கொண்டு உரித்துவிடும். வில் பொருத்திய உறிஞ்சுகுழலும் உண்டு. துளைக்குள் இருப்பதை எடுக்க அது மேல். காலைச் சற்றே அசைத்துப் பாருங்கள். விழப்போகும் பல்லைப் போல ஆடினால் தானே வந்துவிடும். ஆடாவிட்டால் இழுக்காதீர்கள். பல கால்கள் உள்ள பாகம் கெட்டதுதான் என்று உறுதியாகத் தெரிந்தால், கால்களை வெட்டிவிட்டு ஒவ்வொன்றாக எடுப்பதே மேல். பாகம் கடையில் கிடைக்கும். சென்னை ரிச்சி தெருவில் தேடினால் பெரும்பாலும் கிடைத்துவிடும். அந்தப் பலகை கிடைக்காது.

வால்வுக் கருவிகளில் கம்பியை முளையில் சுற்றி முறுக்கிப் பின்னரே பற்றவைத்திருப்பார்கள். அங்கே உருக்கி இழுத்தால் முளை முறியும். வெட்டிவிட்டுச் சுற்றைப் பிரிக்க வேண்டும். 1946-இல் அமெரிக்காவில் தொடங்கிய டெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் பழைய ஆசிலாஸ்கோப்புகளில் ஒரு நுட்பம் உண்டு. பீங்கான் பட்டைகளின் பிளவுகளில் வெள்ளி பூசி அதில் கம்பிகளைப் பற்றவைத்தார்கள். சாதாரணப் பற்றாசை அங்கே வைத்தால் அது அந்த வெள்ளிப் பூச்சையே கரைத்துத் தின்றுவிடும். ஆகவே நூற்றுக்கு மூன்று பங்கு வெள்ளி கலந்த பற்றாசைத்தான் பயன்படுத்த வேண்டும். பழுது பார்ப்பவருக்கு ஆகட்டும் என்று அதில் ஒரு சிறு சுருளைப் பெட்டிக்குள்ளேயே வைத்து விற்றார்கள். என்றோ ஒரு நாள் எங்கோ ஒருவர் தம் கருவியைத் திறப்பார் என்று எண்ணிப் பார்த்த அந்த மனிதர்களை நான் மதிக்கிறேன். பழைய ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களோ வெப்பத்துக்கு மிகவும் அஞ்சுபவை. அவற்றின் காலை, உடலுக்கும் இணைப்புக்கும் இடையே குறட்டால் பிடித்துக்கொண்டால், வெப்பம் குறட்டுக்குப் போய்விடும்.

காரீயத்தைப் பற்றி அச்சமும் அசட்டையும் கலந்த பல பேச்சுகளைக் கேட்கிறோம். சூட்டுக்கோலின் வெப்பத்தில் காரீயம் ஆவியாகிப் பெருமளவில் மூச்சில் சேர்வதில்லை. அது சேர்வது விரல்களின் வழியே, வாய்க்கு. ஆகையால் வேலை மேசையில் தின்பண்டம் கூடாது. முடிந்ததும் சோப்பிட்டுக் கைகழுவ வேண்டும். எழுகின்ற வெண்புகை பிசினின் புகை. நாள்தோறும் அதை முகர்ந்தவர்களுக்கு ஆஸ்துமா வந்ததுண்டு. ஒரு சிறு மின்விசிறி அதை முகத்திலிருந்து அப்பால் இழுக்கும்படி வையுங்கள். கம்பி விடுபடும்போது வில் போல் துள்ளி, உருகிய துளியைக் கண்ணுக்குத் தெறிக்க வைக்கும். சாதாரண மூக்குக் கண்ணாடியேனும் அணியுங்கள். கோல் கைதவறி விழுந்தால் விழட்டும், பிடிக்கப் போகாதீர்கள். எங்கள் வீட்டில் இன்னொரு விதியும் இருந்தது. பற்றாசு தொட்ட கையோடு நான் தறி அறைக்குள் போகக் கூடாது. பட்டில் படும் கறையைப் பற்றிய கவலை என் தாயாருக்கு. அவ்விதி என் உடல்நலத்தையும் காத்தது.

உரிந்த பலகையை விட்டுவிட்டு எங்கேயோ வந்துவிட்டேன். பெரியவர் அதை வாங்கி, உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்தார். செம்புக் கோட்டின் மேலிருந்த பூச்சைக் கத்தி முனையால் அரை விரற்கடை நீளம் மெல்லச் சுரண்டினார். மெல்லிய கம்பி ஒன்றை அதன்மேல் கிடத்திப் பற்றவைத்து, மறுமுனையை நான் பிடுங்கிய அதே மின்தடையின் காலில் சுற்றினார். கோல் பட்ட நேரம் மொத்தம் நான்கு நொடி இருக்கும். பிறகு தம் முள் மீட்டரை என் கையில் கொடுத்து, “நீயே அள” என்றார். முள் எழுந்து ஆறைத் தாண்டி, ஏழுக்குச் சற்று இப்பால் நின்றது. உண்மையான பழுதை அதன்பின் தேடினோம். வேறொரு மூலையில், உலர்ந்துபோன ஒரு சிறு மின்தேக்கி. அதைக் கழற்றும்படி கோலை என்னிடம் நீட்டினார்.